உப்பு மட்டும் போகாது

– இத்தனை நாளா ஊத்தினியேக்கா, இன்னும் ஒரு வாரம் ஊத்தக் கூடாதா?

– எதை?

– தண்ணியைத்தான். தொட்டிக்கு.

– எந்தத் தொட்டிக்கு?

– வீட்ல எத்தனை தொட்டி இருக்கு? இதோ, உன் முழங்கை இடிக்குதே, இதுக்குத்தான். அடுத்த வாரம் எனக்கு வெளியூர்ல ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் வேலை. அதனாலதான் கேக்கறேன்.

– டேய் விஞ்ஞானி, தெரியாமத்தான் கேக்கறேன். நான் எப்படா இதுக்குத் தண்ணி ஊத்தினேன்?

– விளையாடாதேக்கா.

– நாளைக்குக் காலைல அம்மாவை அந்த முதியோர் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வருது. அவங்க துணியை மடிச்சுப் பெட்டியில வச்சுட்டு இருக்கேன். என்னைப் பார்த்தா விளையாடற மாதிரியா இருக்கு?

– அப்ப தினமும் யாரு ஊத்தறா?

– நீதான். உன் தொட்டி, உன் தண்ணி, உன் பைத்தியம்.

– நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஊத்தறேன். அதாவது, ஆரம்பத்துல தினமும் நான்தான் ஊத்தினேன். அப்புறம் ஒரு நாள் மறந்துட்டு ஓடிட்டேன். பயந்துக்கிட்டே வந்து பார்த்தா தண்ணி நான் கண்ணாடியில போட்ட கோட்டுலயே நிக்குது. மறுநாளும் அப்படித்தான். சரி, அக்கா வாயால திட்டினாலும் கையால பார்த்துக்கறான்னு நினைச்சேன்.

– நானா?

– சந்தோஷமா இருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவியோன்னுதான் வாயைத் திறக்கல.

– அட போடா. தண்ணி குறையவே இல்லையோ என்னவோ.

– குறையாம எப்படி? மேல மூடி கிடையாது. ஆமை வளர்த்த ஒருத்தர் வீட்ல இருந்து இந்தப் பழைய தொட்டியைத் தூக்கிட்டு வர்றப்பவே மூடி உடைஞ்சு கிடந்துச்சு. புது மூடி வாங்கற காசுலதான் உப்பு வாங்கினேன். லைட்டு சூடு வேற. தினம் ஒரு சொம்பாவது ஆவியாப் போகும்.

– கடல் குறையுதா?

– கடலுக்கு மழை பெய்யுது, ஆறு வந்து சேருது. இதுக்கு யாரு இருக்கா?

– சரி, போறதுதான் போகுது, உப்பும் சேர்ந்துதானே போகும்? மொத்தமா கொஞ்சம் குறைஞ்சா என்ன?

– அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. தண்ணி போகும், உப்பு மட்டும் போகாது. அதுபாட்டுக்கு உள்ளயே தங்கிடும். அதனால நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத் தண்ணியையே திரும்ப ஊத்தினா, உப்பு மேல உப்பு ஏறி எல்லாம் செத்துடும்.

– எல்லாம்னா எது? உள்ள இருக்கறது நாலு கல்லு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பவளம். அதுவும் சுருங்கிப்போய் கிடக்கு.

– பகல்ல விரியும்னு கடைக்காரர் சொன்னாரு.

– ஞாயித்துக்கிழமை பகல்லதான் பார்த்தேனே. நீ பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குச்சியால குத்திக்கிட்டே இருந்தா எதுடா விரியும்?

– உயிர் இருக்கான்னு பார்த்தேன்.

– மீன்தொட்டின்னு பேரு. மீன் எங்கடான்னா இன்னும் நாளாகும்ங்கறே. மீனே இல்லாத தொட்டியில மீன் தீனி போட்டவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்.

– அது தண்ணி பக்குவமாகறதுக்கு. தீனி அழுகணும், அந்த அழுக்கைத் திங்கற கிருமி வளரணும், அப்பதான் மீன் பிழைக்கும். காசு இருக்கறவன் கடல்ல இருந்து எடுத்த கல்லை வாங்கிப் போடுவான், கிருமி அதோடயே வந்துடும். நான் காய்ஞ்ச கல்லை வாங்கினேன். காத்திருக்கத்தான் வேணும்.

– அம்மா பார்வையில ஏதாவது அசையற மாதிரி வைங்கன்னு டாக்டர் சொன்னாரு. ஊர்ல இருக்கறவன்லாம் என்ன பண்ணுவான்? ரெண்டு தங்க மீனைப் பிடிச்சுக் கண்ணாடிப் பாத்திரத்துல விடுவான். நீ அசையாத கல்லைக் கொண்டுவந்து வச்சே.

– கடல் மாதிரி இருந்தா எட்டிப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன்.

– பார்த்தாங்களா?

– இல்ல.

– அவ்வளவுதான். அந்தப் போர்வையை எடு. பெட்டியில இடம் இருக்கு.

– இரு, இரு. உப்பு அளந்து பார்க்கறேன்.

– இப்ப அதுவா முக்கியம்?

– யாரும் தண்ணி ஊத்தலைன்னா உப்பு ஏறியிருக்கணும். இதோ பாரு மீட்டர் முள்ளை. நட்டநடுவுல நிக்குது. அதாவது, யாரோ ஊத்தியிருக்காங்க. அதுவும் நல்ல தண்ணியை. கோட்டுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல.

– மேஜைக்கு அடியில இருக்கற கேன் தண்ணியா?

– ஆமா, அதான்.

– அது குறையுதேன்னு பார்த்தேன். நீ குடிக்கறேன்னு நினைச்சு நான்தான் நிரப்பி நிரப்பி வச்சேன்.

– நீ நிரப்பி வச்சதைப் பார்த்துத்தான், ஊத்தறதும் நீதான்னு நினைச்சேன்!

– கடவுளே.

– விளிம்பைப் பாரு. இங்கெல்லாம் வெள்ளையா உப்புப் பூக்கும். துடைச்சு சுத்தமா இருக்கு. இதுவும் நீ இல்லையா?

– நீ திருந்திட்டேன்னு நினைச்சேன்டா. தின்ன தட்டைக்கூட எடுக்காதவன் தொட்டியைத் துடைக்கறானே, இனி கல்யாணப் பேச்சை எடுக்கலாம்னுகூட இருந்தேன்.

– சமையல்கார அக்காவா இருக்குமோ?

– அவங்க நமக்கு முன்னாடியே கிளம்பிடறாங்க. அதோட, இந்தத் தொட்டி மோட்டார் சத்தத்தைக் கேட்டாலே ஷாக் அடிக்கும்னு ஓரமாப் போறவங்க.

– வீட்டுக்காரர்கிட்ட ஒரு சாவி இருக்கே?

– குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாலே மூணு மாசம் கழிச்சு எட்டிப் பார்க்கற மனுஷன். உன் தொட்டிக்குத் தண்ணி ஊத்த மாடி ஏறி வருவாரா?

– அப்ப திருடன்தான்.

– பூட்டை உடைக்காம வந்து, அளவா தண்ணி ஊத்தி, துடைச்சு வச்சுட்டுப் போற திருடனா? அவன் வந்தா சொல்லுடா, நானே கட்டிக்கறேன்.

– சிரிக்காதேக்கா. எனக்குத் தலை சுத்துது.

– எனக்குப் பயமா இருக்கு. பகல்ல அம்மா தனியா படுத்திருக்கறப்ப யாரோ ஒருத்தர் வந்து போறாங்களா? இதுக்குத்தான் சொல்றேன், அங்க எந்நேரமும் ஆள் இருப்பாங்க. இங்க விழுந்து கிடந்தாக்கூட நாம வர்றவரைக்கும் யாருக்குத் தெரியும்? ஆபீஸ்ல ஃபோன் அடிச்சாலே வீட்ல இருந்துதானோன்னு ஓடிப் போய் எடுக்கறேன்.

– ஞாயித்துக்கிழமை மட்டும் குறையுது.

– என்ன?

– தண்ணி. ஞாயித்துக்கிழமை குறையுது, அதனாலதான் அன்னைக்கு நான் ஊத்தறேன். நாம ரெண்டு பேரும் வீட்ல இருக்கற நாள்ல மட்டும் யாரும் ஊத்தறதில்ல. அதாவது, நாம இல்லாதப்ப வீட்ல யாரு...

– வேணாம்.

– அக்கா...

– வேணாம்னு சொன்னேன். அப்பா போனதுல இருந்து சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காங்க. குளிக்க வைக்கணும்னா நான் தூக்கி உட்கார வைக்கணும். பேசி எத்தனை மாசம் ஆச்சு? தண்ணி வேணுமாம்மான்னா தலைகூட அசையாது. அவங்க எழுந்து நடந்து வந்து உன் கல்லுக்குத் தண்ணி ஊத்தறாங்களா? ஆசைக்கும் ஒரு அளவு இருக்குடா.

– கேன்ல குழாய் இருக்கு. தூக்க வேணாம். சொம்பைப் பிடிச்சா போதும்.

– நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, கோடு, அளவு... இதெல்லாம் அவங்களுக்கு யாரு சொன்னா?

– நான்தான் சொன்னேன். தினமும் காலைல ஷூ மாட்டறப்ப அவங்க கதவுகிட்ட நின்னு சொல்லுவேனே. இன்னைக்கு இது பண்ணினேன், இனிமே இப்படி ஊத்தணும்னு.

– கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். முதுகுகிட்ட பாடம் நடத்தினே.

– முதுகு காட்டினா காது கேக்காதா?

– அப்ப நான் யாருடா?

– ஏன்க்கா இப்படி?

– கெஞ்சிக் கெஞ்சி ஊட்டறேன், மூணாவது வாய்க்கு உதட்டை மூடிக்கறாங்க. என் முகத்தைக்கூடப் பார்க்கறதில்ல. ஆனா ஒரு செத்த கல்லுக்காக எழுந்திருப்பாங்க, துடைப்பாங்க. அப்ப நான் யாரு?

– நீ அவங்களை எப்படிம்மா இருக்கு, சாப்பிடும்மா, பேசும்மான்னு கேட்டுக்கிட்டே இருக்கே. இது ஒண்ணும் கேக்கறதில்ல. ஊத்தினா வாங்கிக்குது.

– அதுக்காக நான் கேக்காம இருக்கணுமா?

– தெரியலக்கா.

– ஒரு சொம்புத் தண்ணியை நம்பி வண்டியை வேணாம்னு சொல்ல முடியுமா? இந்த இடம் கிடைக்கவே எவ்வளவு அலைஞ்சேன். நாளைக்கு விட்டா போச்சு. அப்புறம் இவங்க திரும்பவும் எழுந்திரிக்கவே இல்லைன்னா?

– ஒண்ணும் சொல்ல முடியாது.

– போகச் சொல்லவும் மனசு வரல இப்ப. இருக்கச் சொல்லவும் தைரியம் இல்ல. உனக்கு என்னதான்டா தோணுது? நீதானே விஞ்ஞானி, சொல்லு.

– மெதுவாப் பேசு.

– ஏன்?

– அம்மா ரூம் கதவைச் சாத்திட்டுத்தானே பெட்டியை எடுத்துட்டு வந்தே?

– சாத்தினேனே.

– திறந்திருக்கு. நிக்கறாங்க.

– அம்மா?

– நாளைக்கு நான் போயிட்டா, மத்தியானம் இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?