ஒரு மாடியில் மட்டும் பெய்த மழை

தேவராஜ மொஹல்லாவிலிருந்து கிளம்பிய மாலை பஸ்ஸில், கட்டட வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "நேத்து இந்த மைசூர்லயே எங்க மாடியில மட்டுந்தான் மழ."

"வெயிலு தலைக்கேறிருச்சாக்கா?" என்றார் இளையவர்.

"காலேஜுப் புள்ளைங்க மழ அளக்கற பெட்டி வெச்சிருக்காங்கல்ல, அதுமேல புறா எச்சம் போட்டிருந்துச்சு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். செத்த நேரத்துல அந்தப் புள்ளைங்கள்ல ஒரு பொண்ணு போன் போட்டு, 'தண்ணி ஊத்துனீங்களாக்கா'ங்குது."

"அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெருவுக்குத் தெரு பெட்டி இருக்குதுல்ல. அக்கம்பக்கத்துப் பெட்டியெல்லாம் காஞ்சு கெடக்க, எங்களுது மட்டும் நனஞ்சா தெரியாதா? கெட்டிக்காரப் புள்ளைங்க. பெட்டிய எடுத்துட்டுப் போயிருவாங்களோன்னு எனக்கு ஒரே பயமாப் போச்சு. மழ எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்குன்னு இந்தப் பெட்டிங்க போன்ல காட்டுறதப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரு தளத்துக்கு கான்கிரீட்டே போடறாரு."

"எடுத்துட்டாங்களா?"

"இல்ல. இனிமே கழுவுனாலும் சொல்லுங்க, நெச மழ வந்தாலும் சொல்லுங்கன்னு தன்மையாச் சொல்லுச்சு."

சாமுண்டிபுரம் தாண்டுவதற்குள் ஜன்னல் கண்ணாடியில் பெரிய பெரிய துளிகள் விழுந்தன. மூத்தவர் அவசரமாகப் போனை எடுத்தார். இளையவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு அக்கா. இது சாமுண்டிபுரத்து மழ. உங்க தெருவுல பேயுதான்னு எறங்கிப் பாத்துட்டுச் சொல்லு."