பதியாமல் கொடுத்த புத்தகங்கள்

— அதுக்கு என் பேரு எதுக்கு, ராக்னா? வேற எது வேணாலும் கேளு. புத்தகங்களை அலமாரியோட தூக்கிட்டுப் போய் என் படகுக் கொட்டகையில வெச்சுக்கறேன்.

— கொட்டகையில வெச்சா அது நூலகம் இல்ல கேப்டன், விறகு. நாலு மணிக்கு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போக நகராட்சி வேன் வருது. மூணு வருஷமா யாருமே இரவல் வாங்காத புத்தகம்னு கம்ப்யூட்டர் பட்டியல் போட்டிருச்சு. காதல் கதை அலமாரி மொத்தமும் அதுல இருக்கு.

— யாருமே வாங்கலையா? போன குளிர்காலத்துல நான் மட்டும் நாப்பது படிச்சேனே!

— படிச்சீங்க. நான் பதிஞ்சேனா? ‘பேரு எழுதாதே ராக்னா’ன்னு கோட்டுக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போனது யாரு?

— நான் ஒருத்தன்தானே.

— இந்தத் தீவுல பாதிப் பேரு கோட்டு அப்படித்தான் உப்பியிருக்கும். எல்லாருக்கும் கூச்சம். பாவம்னு நானும் பதியாமலே குடுத்தேன். இப்போ அந்த இரக்கமே வினையா முடிஞ்சிருச்சு.

— பாதிப் பேரா? யாரு யாரு?

— உங்க பேரை அவங்ககிட்ட சொன்னேனா?

— சரி, கேக்கல. இப்போ என்ன செய்யணும்?

— இன்னைக்குள்ள பத்து இரவல் பதிவானா அலமாரி தப்பிக்கும்.

— இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?

— அதைச் சொன்னா நீங்க ஆளைக் கண்டுபிடிக்க உக்காந்திருவீங்க. நூலக அட்டையை எடுங்க.

— நான் தேவாலயக் குழுத் தலைவன், ராக்னா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாஃபிள் பலகாரத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, இதெல்லாம் குப்பைன்னு அத்தனை பேரு முன்னாடி பேசினவன்.

— கேட்டேன். மறுநாளே வந்து அந்தக் குப்பைக்கு ரெண்டாம் பாகம் இருக்கான்னு கேட்டதும் நீங்கதான்.

— சிரிக்காதே. என் மனைவி செத்துப் போனதுக்கப்புறம் சாப்பாட்டு மேசையில எனக்கு எதிர்ல யாரும் இல்ல. ஆயிரம் பேரை ஃபெர்ரியில ஏத்தி இறக்கினவன், உருளைக்கிழங்கைப் பாத்துப் பேசிட்டிருக்கேன். இந்தக் கதைங்கள்ல கடைசியில யாரோ யாரையோ கண்டுபிடிச்சிடறாங்க. தெரிஞ்ச முடிவுதான். அது தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது.

— இதைத்தான் நீங்க அன்னைக்குப் பேசியிருக்கணும்.

— புயல்ல கப்பலைத் திருப்பச் சொல்லு, திருப்பறேன். இது வேற. எனக்குப் பின்னாடி யாரு நிக்கறா?

— பாதிரியார். அவருக்குப் பின்னாடி மீன் ஆலை ஹெர்டிஸ்.

— ஐயோ, ஹெர்டிஸா! தபால் வண்டிக்கு முன்னாடி அவ வாயி போயிடுமே.

— அதனாலதான் உங்க இஷ்டம்னு விட்டுட்டேன். வேணாம்னா வேணாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— கோவிச்சுக்கோயேன், அது பரவாயில்ல. இப்படி மெதுவா சொல்றதுதான் தாங்கல… இந்தா, பிடி அட்டையை.

— எந்தப் புத்தகம்?

— கலங்கரை விளக்கக்காரனும் மருத்துவச்சியும் வர்றது. சத்தமா படிச்சுப் பதி. பாதிரியாருக்கும் கேக்கட்டும்.

— ஓட்வார் நெஸ். ‘மருத்துவச்சிக்கு ஒரு முத்தம்’. பதிஞ்சாச்சு.

— பையில போடாதே, கையிலயே குடு. பாதிரியாரே, வணக்கம்! ஆமா, எனக்குத்தான். நல்லாயிருக்கும், நீங்களும் படிங்க… அப்பாடா. ராக்னா, பத்துக்கு இன்னும் எத்தனை குறையுது?

— ஒண்ணும் குறையல. பத்தும் காலையிலயே ஆயிருச்சு.

— அப்புறம் எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தினே?

— நாளைக்கு மே பதினேழு, தேசிய தின ஊர்வலத்துல, ஊரே பாக்க உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும்னு எனக்கு ஆசை, ஓட்வார். உங்ககிட்ட இன்னும் எவ்வளவு கூச்சம் மிச்சமிருக்குன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?