ஓரத்தில் நின்ற பிள்ளை

பின்னேரம் ஐந்து மணிதான். ஆனால் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், மார்கழி மாதத்தில், அது நடுச்சாமம் மாதிரி. கால்வாய்க் கரைப் பாதையில் ஒரு சனம் இல்லை. சயந்தன் தன் நாலு வயது மகள் அஞ்சலாவைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தான். கம்பளிக் கையுறை போட்ட அவள் கை... அவன் கைக்குள்.

முதலில் வாசனைதான் வந்தது. ஈரத் துணி. துணி தோய்க்கும் காரமான சவர்க்காரம்.

வீட்டிலும் அதே வாசனைதான், சுவரில் அந்தப் படத்தை மாட்டிய நாளிலிருந்து.

பழைய சாமான் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய படம். அந்தக் காலத்துப் பாரிஸ் தெரு. கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சிட்டது. மழை, குதிரை வண்டி, நடுவில் துணி வெளுக்கும் ஒரு பெண். இடுப்பில் கூடை, காலில் மரச்செருப்பு. மறுகையில் பிடித்திருந்த பிள்ளையைக் குனிந்து பார்க்கிறாள். பிள்ளை நின்றது படத்தின் ஓரத்தில். வீட்டில் இருந்த சட்டத்துக்குப் படம் இரண்டு விரல் அகலம் கூடிப்போயிற்று.

"இஞ்சரப்பா, வெட்டாதேங்கோ. அதில பிள்ளை நிக்குது," என்றாள் மனைவி தேனுஜா.

"கடதாசிப் பிள்ளைதானே. அழாது," என்று சிரித்தான் சயந்தன்.

கத்தி ஓடியது. பிள்ளை காகிதக் குப்பையோடு போய்விட்டது. மணிக்கட்டோடு அறுந்த சின்னக் கை மட்டும் அந்தப் பெண்ணின் பிடிக்குள் மிஞ்சியது. மறுநாள் பார்த்தால்... குனிந்திருந்தவள் நிமிர்ந்திருந்தாள். நேராகச் சயந்தனைப் பார்த்தபடி.

டொக்... டொக்... கால்வாய்ப் பாதையில், பின்னால், மரச்செருப்பு. சயந்தன் மகளின் கையை இறுக்கி நடையைக் கூட்டினான். செருப்பும் கூட்டியது. பக்கத்தில் வந்தது. நின்றது.

"அஞ்சலா?"

குனிந்து பார்த்தான். அவன் பிடியில் வெறும் கையுறை. இன்னும் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ நெருடியது. இழுத்தெடுத்தான்.

காகிதம். மையில் வரைந்த ஒரு சின்னக் கை. மணிக்கட்டில் நேராக ஒரு வெட்டு.

அவன் வீட்டுக்கு ஓடி வந்தபோது தேனுஜா படத்தின் முன்னால் நின்றாள். தெரு, மழை, வண்டி எல்லாம் அப்படியே. அந்தப் பெண் மட்டும் கூடையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தித் தோளைப் பிடித்திருந்தாள். இந்த முறை ஓரத்தில் இல்லை. நட்டநடுவில்.

பொலிஸ் இன்னமும் கால்வாயில்தான் தேடுகிறது.

படத்திலிருக்கும் பிள்ளைக்கு ஒரு கையில் கம்பளிக் கையுறை. மற்றது... வெறுங்கை.