காலின்ஸ்வில் சாலையில் ஒரு பாய்மரப் படகு

ரேலீன்: ரோட்டப் பாத்து ஓட்டு கிரேம். எப்பப் பாத்தாலும் பின்கண்ணாடியிலயே கண்ணு.

கிரேம்: பின்னாடி இருபத்தஞ்சு அடி படகு வருது. பாக்காம?

ரேலீன்: அது எங்கயும் ஓடிடாது. பெல்ட் போட்டுக் கட்டினது நான்.

கிரேம்: அதான் பாக்குறேன்.

ரேலீன்: என்னது?

கிரேம்: ஒண்ணுமில்ல… நல்லாக் கட்டியிருக்கன்னு சொன்னேன்.

ரேலீன்: பாராட்டா அது? பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்ற.

கிரேம்: ரேடியோவக் கொஞ்சம் கூட்டு.

ரேலீன்: இப்பத்தானே சொன்னான். ராத்திரிக்குள்ள நம்ம ஊரு போவன் பக்கத்துலயே புயல் கரையக் கடக்குமாம். துறைமுகத்த மூடியாச்சு. நேத்தே படகை எடுத்திருந்தா இப்படிக் கடைசி நேரத்துல ஓட வேண்டியிருக்காது.

கிரேம்: நேத்து துறையில கூட்டம்னு சொன்னேன்ல. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் ட்ரெய்லரோட வரிசையில நின்னாங்க.

ரேலீன்: ம்… சொன்ன.

கிரேம்: அதென்ன 'ம்'?

ரேலீன்: ம்னா ம்தான். கறி வச்ச மீட் பை ஆறிப் போகுது. சாப்பிடுறியா?

கிரேம்: பசிக்கல.

ரேலீன்: உனக்கா? பசிக்கலையா? அப்ப விஷயம் பெருசுதான்.

கிரேம்: காலைல பாய்மரத்த இறக்கினோமே…

ரேலீன்: ஆமா.

கிரேம்: எப்பவும் ஒரு மணி நேரம் ஆகும். சண்டையோட சேத்தா ரெண்டு.

ரேலீன்: இன்னிக்கு சண்டை இல்ல. சந்தோஷப்படேன்.

கிரேம்: நீ ஒரு தடவகூட 'எந்தக் கயிறு'ன்னு கேக்கல.

ரேலீன்: இத்தனை வருஷமா நீ போட்ட கூச்சல்ல மனப்பாடம் ஆயிடுச்சு.

கிரேம்: முன்பாய்க் கயித்துல ஒரு முடிச்சு இருந்துச்சு. நான் போடுற முடிச்சு இல்ல.

ரேலீன்: முடிச்சுல என்னப்பா உன்னுது, என்னுது?

கிரேம்: இருக்கு. ஆளாளுக்கு ஒரு கை. அது… நல்ல முடிச்சு. என்னோடதவிட நல்லா இருந்துச்சு.

ரேலீன்: அடடா! அதுதான் உறுத்துதா?

கிரேம்: உள்ள தேங்காய் வாசனை அடிக்குது. வெயிலுக்குப் பூசுற க்ரீம். நான் அதெல்லாம் பூசுற ஆளே இல்ல.

ரேலீன்: நான் பூசுவேன்.

கிரேம்: நீதான் படகுப் பக்கமே வர்றதில்லையே! அப்புறம் அந்த லைஃப் ஜாக்கெட். நீயும் நானும் சேந்து நுழையலாம், அவ்வளவு பெருசு.

ரேலீன்: நேரா கேளு கிரேம்.

கிரேம்: நான் எதையும் கேக்கல.

ரேலீன்: கேக்காமயே கேக்குற. காலின்ஸ்வில் வர்ற வரைக்கும் இப்படியே அரிச்சுக்கிட்டு வருவ.

கிரேம்: மாசத்துல பாதி நாள் நான் சுரங்கத்துல கிடக்கேன்…

ரேலீன்: கிடக்க. தெரியுமே.

கிரேம்: வீட்ல நீ தனியா இருக்க. கடல்ல மிதவையில கட்டின படகு தனியா இருக்கு. ரெண்டும் தனியா இருக்குன்னுதான் இவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தேன்.

ரேலீன்: பேரச் சொல்லு. யாரையோ மனசுல வச்சிருக்க.

கிரேம்: விடு.

ரேலீன்: சொல்லுன்னேன்.

கிரேம்: படகுக் கிளப்புல சொல்லித் தர்றானே… ஆன்டன்.

ரேலீன்: ஆன்டனா! ஐயோ, அவருக்கு எழுபது வயசு!

கிரேம்: அறுபத்தெட்டு. கல்லு மாதிரி இருக்கான்.

ரேலீன்: வயச வேற விசாரிச்சு வச்சிருக்கியா?

கிரேம்: சிரிக்காத.

ரேலீன்: சிரிக்கல… சரி, சிரிக்கிறேன். ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணின மனுஷன். நம்ம படகு ஏணில ஒரு படி ஏறவே அவரு—

கிரேம்: அவன் நம்ம ஏணில ஏறினது உனக்கெப்படித் தெரியும்?

ரேலீன்: நிறுத்து.

கிரேம்: நான் கேட்டதுக்குப் பதில்—

ரேலீன்: வண்டிய நிறுத்துன்னேன்! ட்ரெய்லர் இடது பக்கம் இழுக்குது. ஓரங்கட்டு.

கிரேம்: காத்து தள்ளுது, அவ்வளவுதான்.

ரேலீன்: காத்து நம்ம முதுகுல அடிக்குது. இது வேற. இறங்கு… இந்தச் சக்கரத்து நடுவுல கை வச்சுப் பாரு.

கிரேம்: ஆ… சுடுது!

ரேலீன்: அந்தப் பக்கம் சுடல. இதுல பேரிங் காஞ்சு கிடக்கு. கொஞ்சம் ஆறட்டும். பின்சீட்டுக்கு அடியில கிரீஸ் பம்ப் இருக்கு, எடு.

கிரேம்: இது எப்ப என் வண்டிக்கு வந்துச்சு?

ரேலீன்: காலைல நான்தான் வச்சேன். போன மாசம்தான் எல்லாச் சக்கரத்துக்கும் கிரீஸ் போட்டேன். உப்புத்தண்ணி புகுந்திருக்கும்போல.

கிரேம்: உப்புத்தண்ணியா? காலைல ஒரு தடவ முங்கினதுலயா? மத்த நாளெல்லாம் வீட்டுப் பின்னாடி சும்மா நிக்கிற ட்ரெய்லருக்கு ஏது உப்புத்தண்ணி?

ரேலீன்: மழை இருட்டுல ஒண்ணும் தெரியல, டார்ச்சப் பிடி.

கிரேம்: கிரீஸ் போட உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

ரேலீன்: யூடியூப்.

கிரேம்: அந்த யூடியூபுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கா?

ரேலீன்: டார்ச்ச நேரா பிடிடா, மடையா!

கிரேம்: பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்.

ரேலீன்: சரி, முடிஞ்சுது. ஏறு. இனிமே மெதுவாவே போ. ஷோனா வீடு வந்ததும் கழட்டிப் பாத்துக்கலாம்.

கிரேம்: அதையும் கேக்கணும். ஷோனான்னு உனக்கு ஒரு சிநேகிதி இருக்கான்னே இன்னிக்குக் காலைலதான் எனக்குத் தெரியும்.

ரேலீன்: மருந்துக்கடையில எங்கிட்ட மருந்து வாங்க வர்றவ. காலின்ஸ்வில்லுக்கு வெளிய பெரிய மாட்டுப்பண்ணை. கொட்டகையில இடம் தர்றேன்னா. வேற எங்க கொண்டு போய் நிறுத்துவ?

கிரேம்: இந்தப் படகை நான் வாங்கினப்ப, 'உன் ரெண்டாவது பொண்டாட்டி'ன்னு சொன்ன, ஞாபகம் இருக்கா?

ரேலீன்: இப்ப அவ வேற ஆளோட சுத்துறான்னு வயித்தெரிச்சலா?

கிரேம்: ரெண்டு பேருமே சுத்துறீங்களோன்னுதான்.

ரேலீன்: அந்தக் கேட்டுல திரும்பு. அதான் பண்ணை.

ஷோனா: வாங்க கேப்டன், வாங்க! நல்லவேளை, புயலுக்கு முந்திக்கிட்டீங்க!

கிரேம்: ரொம்ப நன்றிங்க. வழியில ஒரு சக்கரம் கொஞ்சம்—

ஷோனா: ஐய, நான் உங்களச் சொல்லலங்க! ரேலீன், பாய்மரம் பத்திரமா வந்துச்சா? இவருதான் உன் வீட்டுக்காரரா? ஆளு வாட்டசாட்டமாத்தான் இருக்காரு. நேரா உள்ள விடுங்க, டிராக்டர வெளிய எடுத்துட்டேன்… அட, என் ஜாக்கெட்! இதத்தான் வீடு பூரா தேடினேன்!

கிரேம்: இது… உங்களோடதா?

ஷோனா: பின்ன? இந்த உடம்புக்கு வேற எது பத்தும்? போன தடவ க்ளூசெஸ்டர் தீவுக்குப் போனப்ப மறந்துட்டு இறங்கிட்டேன். அன்னிக்கு என்னா காத்துங்கிறீங்க! நாங்க மூணு பேரும் சாமியக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். உங்க பொண்டாட்டி பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுறா… என்ன ரேலீன், ஏன் முழிக்கிற? இவருக்கு… தெரியாதா?

ரேலீன்: சொல்லிக்கிட்டே வந்தேன். பாதி வழியில நிக்குது.

ஷோனா: அடப்பாவமே. நான்… குதிரையெல்லாம் அடைச்சாச்சான்னு பாத்துட்டு வந்துடுறேன். நிதானமாப் பேசுங்க.

கிரேம்: எவ்வளவு நாளா?

ரேலீன்: போன குளிர்காலத்துலேர்ந்து. நாலு பொம்பளைங்க. நீ சுரங்கத்துல இருக்கிற வாரத்துல, எனக்குக் கடை லீவுன்னிக்கு. படகு அடியத் தேய்க்க ட்ரெய்லரயும் எடுத்தோம். ஆன்டன் ரெண்டே தடவ வந்து சொல்லிக் குடுத்தாரு. ஏணில ஏறிட்டு இறங்க முடியாமத் தவிச்சாரு, பாவம்.

கிரேம்: ஏன் மறைச்ச?

ரேலீன்: முதல்ல மறைக்கணும்னு நெனக்கல. நீ கத்தாம இருக்கணும்னா நான் கத்துக்கணும்னுதான் போனேன். ஒருநாள் உன்கூட வந்து அசத்தணும்னு.

கிரேம்: அப்புறம்?

ரேலீன்: அப்புறம் ஒருநாள் தீவைத் தாண்டினோம். காத்து பின்னாலேர்ந்து வந்துச்சு. பாய் ரெண்டும் விரிஞ்சு… யாரும் கத்தல கிரேம். தண்ணிச் சத்தம் மட்டும்தான். அப்ப தோணிச்சு, இத உன்கிட்டச் சொன்னா இதுவும் போயிடும்னு.

கிரேம்: அவ்வளவு மோசமாவா கத்துறேன்?

ரேலீன்: துறையில நிக்கிறவங்க எனக்காக வேற பக்கம் திரும்பிக்குவாங்க. நீ பாத்ததில்ல.

கிரேம்: அந்த ஆன்டனாவே இருந்திருக்கலாம்.

ரேலீன்: என்ன உளர்ற?

கிரேம்: அவனா இருந்தா மூக்குல ஒரு குத்து விட்டுட்டுத் தூங்கியிருப்பேன். இப்ப யாரக் குத்துறது? ஒரு தீவையா? அடிச்ச காத்தையா?

ரேலீன்: இன்னும் வயித்தெரிச்சல் அடங்கலையா?

கிரேம்: முன்னவிட ஜாஸ்தியா எரியுது. நீ பாடினியாம். என்கூட வந்தப்ப ஒருநாளும் நீ பாடினதில்ல. ரேலீன், நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத… சரி, கோவிச்சுக்கோ. நேத்து துறையில கூட்டமே இல்ல. நான் மட்டும்தான் நின்னேன். சின்னத் தோணியில துடுப்புப் போட்டுப் படகுக்குப் போனேன். அந்த ஜாக்கெட், அந்த வாசனை… கொஞ்ச நேரம் உள்ளயே உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு கயிறக்கூட இறுக்காம கரைக்குத் திரும்பிட்டேன். புயல் வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு. விடிஞ்சு காத்து மாறினப்புறம்தான் மனசு கேக்கல.

ரேலீன்: தெரியும். கடை விட்டு வர்றப்ப துறைக்கு எதிர்ல காருக்குள்ளயே உக்காந்து பாத்தேன், நீ வெறும் ட்ரெய்லரோட திரும்பிப் போறத. வீட்டுக்கு வந்ததும் ஷோனாவுக்கு ஃபோன் பண்ணி, 'காலைல படகை இழுக்க உன் வண்டியக் கொண்டு வா'ன்னேன். என் துணிமணியெல்லாம் ஒரு பெட்டியில அடைச்சும் வச்சிட்டேன். நீ எழுந்து வந்து 'வா, படகை எடுக்கலாம்'னு கூப்பிட்டப்புறம்தான் அவள வர வேணாம்னேன். நீ மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா, நானும் படகும் சேந்துதான் இங்க வந்திருப்போம்… புயல் ஓய்ஞ்சப்புறம் படகு மட்டும் உன்கிட்டத் திரும்பி வந்திருக்கும்.