ஒரு முடிகூட நனையவில்லை

மெக்கானிக்: கொஞ்சம் எட்டிப் பாரேன். எதிர்ல மருந்துக்கடை திறந்தாச்சா?

சலூன்காரர்: தலையை ஆட்டாதே. நுரை காதுக்குள்ள போகுது.

மெக்கானிக்: திறந்தாச்சான்னுதானே கேட்டேன்.

சலூன்காரர்: பாதி ஷட்டர் ஏறியிருக்கு. ஆள் உள்ளதான் இருக்கார்போல.

மெக்கானிக்: அப்போ நான் பின்பக்கமா போயிடறேன்.

சலூன்காரர்: பின்பக்கம் சுவர்தான் இருக்கு. மூஞ்சி பூரா நுரையோட சுவரேறிக் குதிக்கப் போறியா?

மெக்கானிக்: குதிச்சாலும் குதிப்பேன். நீ கடை திறக்கிற நேரத்துக்கு எதுக்கு ஓடி வந்தேன்னு நினைக்கிறே? ஒருத்தன் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான்... ஆமா, இன்னைக்கு நான்தானே முதல் ஆளு? இந்தத் துண்டு ஏன் ஈரமா இருக்கு?

சலூன்காரர்: நேத்து துவைச்சது. காயல. கம்ப்யூட்டர் இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லையே...

மெக்கானிக்: அந்தப் பேரைச் சொல்லாதே.

சலூன்காரர்: ஏன், நாங்க ஆசையா வெச்ச பேரு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா இருந்தவனைக் கம்ப்யூட்டர் ஆக்கினோம். ஒரு நாள் சாயங்காலம் இந்த பெஞ்சுல நான் புதிர் போடறேன், மறுநாள் சாயங்காலம் நீ வந்து டக்குனு பதில் சொல்றே. மத்தவனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு...

மெக்கானிக்: நேத்தும் பொளந்தாங்க. சிரிக்கறதுக்கு.

சலூன்காரர்: சிரிக்காம? நான் என்ன கேட்டேன்? மழை கொட்டுது. ஒருத்தர் தெருவுல நடந்து போறார். குடை இல்ல, தொப்பி இல்ல. ஆனா அவர் சட்டை நனையல. எப்படி? அதுக்கு நீ எழுந்து நின்னு, காலரை வேற தூக்கி விட்டுக்கிட்டு...

மெக்கானிக்: வேணாம்.

சலூன்காரர்: "ஏன்னா அவருக்கு மொட்டைத் தலை."

மெக்கானிக்: வேணாம்னு சொன்னேன்ல.

சலூன்காரர்: மொட்டைத் தலையா இருந்தா சட்டை எப்படிடா நனையாம இருக்கும்?

மெக்கானிக்: எல்லாரும் சிரிச்சாங்களே, அதுகூடப் பரவாயில்ல. பக்கத்துலயே மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கார். அவரைத்தான் குத்திக் காட்டறேன்னு நினைச்சுட்டார். டீயைப் பாதியில வெச்சுட்டு எழுந்தார் பார்த்தியா... போகும்போது தலையை ஒரு தடவை தடவிக்கிட்டார். எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு.

சலூன்காரர்: அந்த விஷயத்துல என் பங்கும்... சரி விடு. கன்னத்தை உப்பு.

மெக்கானிக்: உன் பங்கு என்ன?

சலூன்காரர்: ஒண்ணுமில்ல. உப்புன்னா உப்பேன்.

மெக்கானிக்: ம்ம்.

சலூன்காரர்: ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு. இத்தனை நாளா எவ்வளவு கஷ்டமான புதிரா போட்டிருக்கேன். ஒண்ணுல கூட நீ சறுக்கினதில்ல. நேத்து மட்டும் எப்படி அப்படி ஒரு பதில்?

மெக்கானிக்: வேலை அதிகம். கவனிக்கல.

சலூன்காரர்: கவனிக்காதவன் காலரைத் தூக்கி விட்டுக்குவானா?

மெக்கானிக்: நீ சவரம் பண்றியா, விசாரணை பண்றியா?

சலூன்காரர்: ரெண்டும்தான். கத்தி என் கையில இருக்கு, சொல்லிடு.

மெக்கானிக்: ...சிரிக்கக்கூடாது.

சலூன்காரர்: மாட்டேன்.

மெக்கானிக்: பெஞ்சுல இருக்கிற எவன்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.

சலூன்காரர்: விடமாட்டேன்டா, சொல்லு.

மெக்கானிக்: ஒரு புதிருக்குக்கூட நான் பதில் கண்டுபிடிச்சதில்ல. எல்லாம் அப்பா சொல்றது. நீ புதிர் போடுவே. வீட்டுக்குப் போற வழியில அவருக்கு ஒரு போன் போடுவேன். பதில் சொல்லுவார். மறுநாள் வந்து நான் சொல்லுவேன்... அவ்வளவுதான் கம்ப்யூட்டர்.

சலூன்காரர்: ம்.

மெக்கானிக்: என்ன ம்? ஆச்சரியப்பட மாட்டியா?

சலூன்காரர்: மோவாயைத் தூக்கு.

மெக்கானிக்: அப்பா ரயில்வேல சிக்னல் பார்த்தவரு. ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவுல வேற வேலை கிடையாது. உட்கார்ந்து புதிரா யோசிச்சுட்டே இருப்பாராம். சின்ன வயசுல சாப்பிடும்போதுகூட ஒண்ணு போடுவார். எனக்கு ஒண்ணும் வராது. அண்ணன்தான் சொல்லுவான். நான் தட்டையே பார்த்துட்டிருப்பேன்.

சலூன்காரர்: அதனால இங்க கெத்து காட்டினே.

மெக்கானிக்: நாலு பேர் நம்மளைப் புத்திசாலின்னு சொன்னா நல்லாத்தான்டா இருக்கு. அதுல போய் விழுந்துட்டேன். நாள் ஆக ஆகப் புதிரை முழுசா காதுலகூட வாங்கறதில்ல. பாதி சொன்னா போதும், அவரே பதிலைச் சொல்லிடுவார். சில நாள் மட்டும், "இது கஷ்டமா இருக்குப்பா, யோசிக்கணும், காலையில ஒரு தடவை கூப்பிடு"ன்னு இழுப்பார். எரிச்சலா வரும்.

சலூன்காரர்: எரிச்சலா...

மெக்கானிக்: ஆமா. ரெண்டு தடவை கூப்பிடணுமே.

சலூன்காரர்: அவர்கிட்ட சட்டைன்னு சொன்னியா?

மெக்கானிக்: எங்க சொல்ல விட்டார்? "மழை பெய்யுது, ஒருத்தர் குடையில்லாம போறார்"னு ஆரம்பிச்சேன். "மொட்டைத் தலை"ன்னுட்டார். சரிப்பா வைக்கிறேன்னு வெச்சுட்டேன். அதைத்தான் இங்க வந்து ஒப்பிச்சேன்.

சலூன்காரர்: அப்புறம்? அவமானப்பட்டுட்டுச் சும்மாவா இருந்தே?

மெக்கானிக்: ...அதைக் கேட்காதே.

சலூன்காரர்: கேட்கறேன்.

மெக்கானிக்: இங்கேருந்து போனதும் அவருக்குப் போன் போட்டேன். காதுல ரத்தம் வர்ற மாதிரி திட்டினேன்டா. உங்களால நாலு பேர் முன்னாடி என் மானம் போச்சு. மூளை மழுங்கிடுச்சுன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. இனிமே உங்ககிட்ட எதுவும் கேட்கவே மாட்டேன்... இன்னும் என்னென்னவோ.

சலூன்காரர்: அவர் என்ன சொன்னார்?

மெக்கானிக்: "சரிப்பா"ன்னார்.

சலூன்காரர்: அவ்வளவுதானா?

மெக்கானிக்: "சாப்பிட்டியா"ன்னார். நான் வெச்சுட்டேன். ஏன் கையை நிறுத்திட்டே? பாதி மூஞ்சியில நிக்குது.

சலூன்காரர்: இரு. கத்தியைக் கீழ வெச்சுக்கறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை அடிக்கக்கூடாது.

மெக்கானிக்: சொல்லு.

சலூன்காரர்: அது சட்டை இல்லடா. "ஒரு முடிகூட நனையல." அதுதான் நிஜமான புதிர்.

மெக்கானிக்: என்னது?

சலூன்காரர்: சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்து பார்த்தா எதிர்ல மருந்துக்கடைக்காரர். வாரா வாரம் வர்றார். இருக்கிற நாலு முடிக்கு அரை மணி நேரம் கத்தரிக்கோலைக் காத்துல ஆட்டிட்டிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டாலே மனுஷன் நிம்மதியா கண்ணை மூடிக்குவார். அவரை வெச்சுக்கிட்டு எப்படிடா முடியைப் பத்திக் கேட்பேன்? வாய்க்கு வந்தபடி சட்டைன்னு மாத்திட்டேன்.

மெக்கானிக்: பதில்? "சட்டையே போடல"ன்னு சொன்னியே?

சலூன்காரர்: அதெல்லாம் நேத்து எல்லாரும் சிரிச்சுட்டிருந்தப்ப அடிச்சு விட்டது. அதுவரைக்கும் என்கிட்ட பதிலே இல்ல.

மெக்கானிக்: அடப்பாவி. அவர் மனசு நோகக்கூடாதுன்னு நீ மாத்தினே, நான் வந்து நேரா அவர் தலையிலேயே போட்டேன்... இரு இரு. முடின்னா மொட்டை சரிதான்.

சலூன்காரர்: சரியான பதில்தான்.

மெக்கானிக்: ஆனா நீ பெஞ்சுல முடின்னு சொல்லவே இல்ல.

சலூன்காரர்: இல்ல.

மெக்கானிக்: நானும் அப்பாகிட்ட சொல்லல. அப்போ அவருக்கு எப்படி...

சலூன்காரர்: யோசி.

மெக்கானிக்: நீயே சொல்லேன்.

சலூன்காரர்: மாட்டேன். ஒரு புதிரையாவது நீயே யோசிச்சு விடுவி.

மெக்கானிக்: பாதி சொல்றதுக்குள்ள பதில் சொல்லிடுவார்... எப்பவும்... முன்னாடியே தெரிஞ்ச மாதிரி. இந்தத் துண்டு. எனக்கு முன்னாடி ஒருத்தர் வந்திருக்கார். நீ மறைச்சே.

சலூன்காரர்: ம்.

மெக்கானிக்: அப்பா இங்கதான் சவரம் பண்ணிக்கறாரா?

சலூன்காரர்: நாலு தெரு தள்ளித்தானே இருக்கார். வேற எங்க போவார்? நீ சாயங்காலம் வருவே, அவர் விடியறப்ப வருவார்.

மெக்கானிக்: அப்போ புதிரெல்லாம்...

சலூன்காரர்: நான் என்னைக்குடா சொந்தமா யோசிச்சிருக்கேன்? இந்த நாற்காலியில உட்கார்ந்து சொல்லிட்டுப் போவார். "இதை இன்னைக்குப் போடு, அவனுக்குச் சத்தியமா வராது"ன்னுவார். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினார். இன்னைக்கு மீறிட்டேன்.

மெக்கானிக்: ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வெச்சு விளையாடியிருக்கீங்க. அவனுக்கு வராது, அவன் முட்டாள், நம்மகிட்டதான் வந்து நிப்பான்னு... நான் காலரைத் தூக்கி விட்டுக்கறப்ப நீ உள்ளுக்குள்ள சிரிச்சுட்டிருந்தே, இல்ல?

சலூன்காரர்: சிரிக்கலடா.

மெக்கானிக்: பின்னே எதுக்கு இந்த நாடகம்?

சலூன்காரர்: அதை அவர்கிட்டயே கேளு. முதல்ல இதைக் கேளு. இன்னைக்கு நான் பூட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுட்டிருந்தார். ராத்திரி தூங்கின முகமா தெரியல. உட்கார்ந்தார். "நான் போட்ட புதிர், அதுக்கே தப்பா பதில் சொல்லிட்டேனாம்ப்பா"ன்னார்.

மெக்கானிக்: ஐயோ.

சலூன்காரர்: "எனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சுடுச்சு போலிருக்கு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது"ன்னார். கண்ணாடியில தன் முகத்தையே யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்துட்டிருந்தார்.

மெக்கானிக்: நீ சொல்லியிருக்கலாமேடா. நான்தான் மாத்தினேன்னு ஒரு வார்த்தை...

சலூன்காரர்: வாய் வரல. அவர் கழுத்துல கத்தியை வெச்சிருந்தேன். அதைச் சொன்னா, நேத்து உன் பொழப்பு சிரிப்பா சிரிச்சதைச் சொல்லணும். நான் போய் அவரை மாட்டி விட்டதைச் சொல்லணும். வெட்கமா இருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம முகத்தைத் துடைச்சு விட்டேன். அந்த ஈரம்தான் இது. அவர் எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். "இனிமே சின்னப் பசங்க புதிரா பார்த்துச் சொல்றேன். நான் தப்பு பண்ணாத மாதிரி. அவன் கேட்கமாட்டேன்னுதான் சொல்லியிருக்கான், இருந்தாலும் நீ போட்டுப் பாரு"ன்னார்.

மெக்கானிக்: போனை எடு. அந்த பேன்ட் பாக்கெட்ல... இல்ல, இந்தப் பக்கம்.

சலூன்காரர்: நுரையைத் துடைச்சுக்கோ.

மெக்கானிக்: இருக்கட்டும். ஸ்பீக்கர்ல போடு, காதெல்லாம் சோப்பு.

சலூன்காரர்: மாத்தினது நான்தான்னு நானே சொல்லிடறேன். நான் பேசறேன்.

மெக்கானிக்: சொல்லுவே. முதல்ல நான் பேசிக்கறேன்... மணி அடிக்குது.

அப்பா: ஹலோ. நீயாப்பா? காலையிலேயே கூப்பிட்டிருக்கே. முந்தாநாள் நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னைக்கு மெதுவா, முழுசா சொல்லு. நான் நல்லா கேட்டுக்கறேன். என்ன புதிர்?

மெக்கானிக்: புதிர் எதுவும் இல்லப்பா.

அப்பா: இல்லையா?

மெக்கானிக்: இல்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்.

அப்பா: சும்மாவா... புதிர் இல்லாம நீ கூப்பிட மாட்டியே. மறைக்காம சொல்லுப்பா, வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?