ஹாலண்ட் பியர்ஸின் வலது கை

அந்த வெள்ளைப் பட்டன் என்னுடையதுதான், சாரதாக்கா. ஆஸ்பத்திரியில் உங்கள் கணவர் டாக்டர் சேனாபதியின் துணிகளோடு கொடுத்த பையில் கிடந்தது, யாருடையது என்று நேற்று போனில் கேட்டீர்கள். தெரியவில்லை என்றேன். அப்போதிலிருந்து காலில் சக்கரம் கட்டியதுபோல மாடிக்கும் கராஜுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு வாய் காபி குடிக்க உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாலண்ட் பியர்ஸ் யாரென்று உங்களுக்குத் தெரியும். நம் ஊர் பிளசன்டனில், அவரைப் பற்றிய என் அறுவைப் பேச்சிலிருந்து தப்பியவர்கள் குறைவு. குதிரையிலிருந்து விழுகிற துணை நடிகராக ஹாலிவுட்டுக்கு வந்து, பிறகு இருபத்து மூன்று படங்களை இயக்கி, அவற்றில் பாதியில் தானே நடித்தவர். நல்ல வசனங்களையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். எந்தக் காட்சியையும் இரண்டாம் தடவை எடுக்க மாட்டார். கடைசிப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாகிறார். நான்கு நிமிடம், நடுவில் வெட்டே கிடையாது. முகம் நிழலில் இருக்கும். வலது கை மட்டும் மெல்ல விரியும். வாழ்நாளெல்லாம் பிடித்துவைத்திருந்ததை ஒரு கலைஞன் விட்டுவிடுகிற இடம் அது. பன்னிரண்டு வருடமாக நான் எழுதிய புத்தகம் அந்தக் கையில்தான் போய் முடிகிறது.

பொங்கல் விழாவில் இதைப் பற்றி நான் பேசி முடித்ததும் டாக்டர் எழுந்தார்.

"சார், முப்பது வருஷம் ஐசியூல பாத்திருக்கேன். கை அப்படி அழகா விரியாது. கெடச்சதப் புடிச்சுக்கும். உங்க ஆளு ஆக்ட் பண்றாரு, அவ்ளோதான்."

நாற்பது பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கை பொய் என்றால் என் புத்தகமும் பொய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சனிக்கிழமை மதியம் அவரை அழைத்தேன். வழக்கமாகப் படம் பார்க்க வருகிறவர்கள் பிக்னிக் போய்விட்டதால் நாங்கள் இருவர்தான். என் கராஜ் தியேட்டரின் சட்டம் உங்களுக்குத் தெரியும். எல்லோருடைய போனும் வெளியே அலமாரியிலிருக்கும் எவர்சில்வர் தூக்குக்குள் போய்விடும். படத்தை நடுவில் நிறுத்துவதில்லை.

கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால் டாக்டர் மார்பைத் தடவினார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"சார், ஹார்ட் அட்டாக்னு நெனைக்கறேன். நைன் ஒன் ஒன் கால் பண்ணுங்க."

தெளிவாகத்தான் சொன்னார். நானும் எழுந்தேன். அதே நேரம் திரையில் பியர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலே நிமிஷம், டாக்டர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். அந்த நான்கு நிமிடமும் நான் திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியத்தன்று, எப்படிப் போனார் என்று கேட்டீர்கள். கஷ்டப்படவில்லை, கை மெல்ல விரிந்தது என்றேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் உங்களுக்குத் தூக்கம் வருகிறது என்று மகிழன் சொன்னான். உங்கள் பிள்ளை சொன்னதைக் கேட்டபோது ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன். புத்தகத்தின் கடைசிப் பத்தியிலும் அதைச் சேர்த்தேன். புத்தகம் டாக்டர் சேனாபதிக்குத்தான் சமர்ப்பணம்.

டாக்டர் சொன்னதுதான் சரி, அக்கா. கை விரியவில்லை. பட்டன் தெறிக்கிற அளவுக்கு என் சட்டையைப் பிடித்திருந்தது. படம் முடிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். உள்ளங்கை மேலே தெரிய, நாற்காலிக் கையின்மேல் வைத்தேன். முதல் தடவை அது தானாக மூடிக்கொண்டது. உயிர் போன கை தானாக மூடாது என்று ஒரு டாக்டரின் மனைவிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் தடவை வைத்தபோது விரிந்தபடியே இருந்தது. அதற்குப் பிறகுதான் வெளியே போய்த் தூக்கைத் திறந்து போனை எடுத்தேன்.