பச்சை ப்ளஸ்

— தாடையை இன்னும் கொஞ்சம் முன்னால வைங்கம்மா. நெத்தி அந்தப் பட்டையில ஒட்டணும், சரிங்களா? உள்ள பச்சையா ஒரு ப்ளஸ் தெரியுதா?

— தெரியுது தம்பி. நல்லாவே தெரியுது.

— அதையே பாருங்க. இமைக்காதீங்க... முடிஞ்சுது. என்னம்மா இது, படம் மறுபடியும் ஓரமா விழுந்திருக்கு. மூணாவது தடவை.

— மிஷின்ல ஏதாவது கோளாறோ என்னவோ.

— மிஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஒரு லேசர். அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒரே அலைநீளத்துல நிக்காம, மாறி மாறி ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு நொடிக்குள்ள லட்சம் தடவை. விழித்திரையில அடுக்கடுக்கா இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் பட்டுத் திரும்பும். அதை வச்சு எந்த அடுக்கு எவ்வளவு ஆழம்னு கணக்குப் போட்டு, குறுக்கால வெட்டினாப்ல படம் காட்டிடும், சரிங்களா?

— வெட்டாமலேயா? நாங்க மடிச்ச துணியை வெட்டினாத்தான் எத்தனை மடிப்புன்னு தெரியும்.

— தொடக்கூட வேணாம். நடுவுல ஒரு சின்னக் குழி இருக்கும்மா. நீங்க நேராப் பாக்குறது அதுலதான் விழணும். உங்க படத்துல அந்த இடம் ஓரமாக் கிடக்கு. அப்படின்னா நீங்க ப்ளஸ்ஸைப் பாக்கலை.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இப்பவும் பச்சையாத்தான் இருக்கா?

— பச்சைதான்.

— அம்மா, அதை அணைச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஏம்மா தெரியுதுன்னு சொன்னீங்க?

— வெக்கமா இருக்கு தம்பி. இருபத்திரெண்டு வருஷமா சட்டைக்குக் காஜா எடுக்குறவ நான். பொத்தான் எந்த இடமோ, ஓட்டையும் அதுக்கு நேரா விழணும். போன மாசம் நாலு சட்டை திரும்பி வந்துச்சு, பொத்தான் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம். பக்கத்து மிஷின்காரி தைச்சதுன்னு சொல்லிட்டேன். அன்னைலேர்ந்து எனக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுக்குறது யாருங்குறீங்க? அவதான்.

— நேராப் பாத்தா என்ன தெரியுது?

— கடிகாரத்தைப் பாத்தா சுத்தி நம்பர் இருக்கும். முள்ளைக் காணோம். நடுவுல ஒரு அழுக்கு வட்டம், அவ்வளவுதான்.

— சரி, ப்ளஸ்ஸை விட்டுடுங்க. சும்மா அசையாம இருங்க, நானே இங்கேர்ந்து நகர்த்திப் பிடிக்கிறேன்... வந்துடுச்சு.

— என்னப்பா இருக்கு?

— டாக்டர்தான் சொல்லணும். ஆனா குழி இருக்கவேண்டிய இடத்துல ஓட்டை மாதிரி இருக்கு.

— எனக்கே காஜா எடுத்துட்டாங்களா?

— சிரிக்காதீங்கம்மா. சின்ன ஓட்டைன்னா ஆபரேஷன்ல மூடிக்கும். நாள் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும், சரிங்களா? இது எப்பலேர்ந்துன்னு... இருங்க, போன வருஷமும் இங்க எடுத்திருக்கீங்களே.

— ஆமா.

— அதுவும் ஓரமாத்தான் விழுந்திருக்கு. நகர்த்திப் பிடிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கீழ, ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ன்னு...

— யாரு எழுதினது?

— தெரியலைம்மா.

— உங்களுக்கும் தெரியலையா? உங்க முகம் எனக்கு அன்னைக்கும் தெரியலை, இன்னைக்கும் தெரியலை. ஆனா உள்ள வந்ததும் இந்த ‘சரிங்களா’ கேட்டுச்சு பாருங்க, அப்பவே நீங்கதான்னு தெரிஞ்சுடுச்சு. அன்னைக்கு நான் ப்ளஸ் தெரியலைன்னுதான் சொன்னேன். ‘பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா’ன்னு கேட்டீங்க. கதவு திறந்து கிடந்துச்சு, வெளியில உக்காந்திருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அதான் தம்பி, இந்தத் தடவை மொதல்லயே தெரியுதுன்னு சொல்லிட்டேன்.